தோப்புக் கல்வீட்டை மூணாகப் பிரித்தேன்

பழைய வீட்டைப் பிரித்துக் கொடுக்கும் எஞ்சினியருக்கு, வீட்டில் எத்தனை பங்காளிகளோ அத்தனை முதலாளிகள். தப்பெல்லாம் எஞ்சினியருடையது என்பதில் மட்டும் அத்தனை பேரும் ஒற்றுமையாக இருப்பார்கள்.

வீடு கட்டியவர்களே, கட்டிக்கொண்டே இருப்பவர்களே, கொத்தனாருக்குப் போன் போட்டு "இந்தா, பக்கத்துல வந்துட்டேன்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது. நான் ராஜபாளையத்தில் வீட்டுப் பிளான் போட்டுக் கொடுக்கும் சிவில் எஞ்சினியர். ஆபீசுக்குள் வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்ததும் "சார் எப்பம்மா வருவாரு?" என்று கேட்பார்கள். "சார் வந்தாச்சு, உக்காருங்க" என்று சொல்லி நாற்காலியைக் காட்டுவேன். அவர்களும் உட்கார்ந்து, செத்த நேரம் வாசலைப் பார்த்துவிட்டு, பிறகு மனசைத் தேற்றிக்கொள்வார்கள்.

அப்படி மனசைத் தேற்றிக்கொண்டவர்களில் மூன்று பேர் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவர் ரங்கசாமி, ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மகன் பெங்களூரில். நடுவில் சீனிவாசன், தோப்பையும் வயலையும் பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்துவிட்டவர். கடைசி கோதை, போலீசில் ஏட்டம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், தென்னையும் மாவும் நிற்கிற தோப்புக்கு நடுவில் இவர்களுடைய கல்வீடு. முழுக்கக் கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மேலே தேக்கு உத்திரம் போட்ட மச்சு. ஒரு பக்கம் தானிய அறை, அதை ஒட்டி மாட்டுத் தொழுவம். வாசல் ஒன்று, மாடிப்படி ஒன்று, சமையலறை ஒன்று, கிணறு ஒன்று. கட்டிய தாத்தா தன் வாரிசுகள் பிரிந்து வாழக்கூடும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அல்லது நன்றாக நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் இப்படிக் கட்டியிருக்கிறார்.

பல் போன மெஷின்

முதலில் யாருக்கும் அந்த வீட்டைப் பிரிக்கும் எண்ணம் இல்லை. இடித்துத் தள்ளிவிட்டு, கண்ணாடி போட்ட முகப்போடு மூன்று புது வீடு கட்டுவதாகத்தான் திட்டம். நான் வேண்டாம் என்றேன். இந்தச் சுவரைப் போல இனி யாரும் கட்டித் தரப்போவதில்லை, உள்ளே வெயில் காலத்தில்கூட மின்விசிறி தேவைப்படாது என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். "உங்களுக்கு வேலை மிச்சம்னு பாக்கீங்க" என்றார் கோதை. போலீசில் இருந்தவர் இல்லையா, எதிரே இருப்பவரின் உள்நோக்கம் உடனே தெரிந்துவிடும்.

இடிக்கிற மெஷினை அவர்களே வரவழைத்தார்கள். ஓட்டுநர் இளவட்டம். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, சினிமாவில் வருகிற மாதிரி சுற்றி வந்து, பின்பக்க மூலையில் ஒரு குத்துக் குத்தினார். வீடு சும்மா இருந்தது. இன்னொரு குத்து. மெஷினின் வாயிலிருந்து இரும்புப் பல் ஒன்று கழன்று தெறித்து, தென்னை மரத்தடியில் போய் விழுந்தது. சுவரில் வெள்ளையாக ஒரு கீறல், அவ்வளவுதான். ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பல்லைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, இடுப்புத் துண்டில் முடிந்துகொண்டார். எங்கள் யாரையும் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டு சொன்னார்:

"இது வீடில்ல மேடம், மலையில ஒரு துண்டு இங்க வந்து உக்காந்திருக்கு. இதோட எனக்குப் பகை வேண்டாம்."

டேப்பின் மறுமுனை

ஆக, பிரிப்பது என்று ஆனது. பிரிக்க வேண்டுமென்றால் அளக்க வேண்டும். அளக்க டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் போதும். எனக்கு மூன்று பேர் கிடைத்தார்கள். ஒருவர் பிடித்தால் மற்ற இருவருக்கும் சந்தேகம் என்பதால், டேப்பின் முனையை மூன்று பேருமே சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். அறை அறையாக அந்த ஊர்வலம் நகர்ந்தது. தேரில்கூட வடம் பிடிப்பவர்கள் இவ்வளவு கவனமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை. டேப் கொஞ்சம் தொய்ந்தால் கோதை அதட்டுவார். கொஞ்சம் இறுகினால் சீனிவாசன், "இழுத்தா நீளுமில்லா, பாத்து" என்பார். இரும்பு டேப் நீளாது என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை.

அந்த வீட்டில் எந்த மூலையும் மூலை மட்டத்துக்கு நிற்காது. ஒரு சுவர் தலைப்பக்கம் ஒரு அகலம், கால்பக்கம் வேறு அகலம். சுவரின் கனமோ, ஜன்னல் திட்டில் ஒரு ஆள் காலை மடக்கிப் படுத்துத் தூங்கலாம்; சீனிவாசன் மத்தியானம் அங்கேதான் தூங்குவார். நான் வழக்கம்போல அறைக்குள் நீள அகலத்தை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன். சுபேதார் ரங்கசாமி எட்டிப் பார்த்தார், மறுபடி பார்த்தார், சுவரைக் கையால் தட்டினார். சுவர்களையெல்லாம் சேர்த்தால் அதிலேயே ஒரு அறை வரும் என்று அவர் மனசுக்குள் கணக்கு ஓடியது முகத்தில் தெரிந்தது.

"அறையை அளந்தது சரி மேடம். இந்தச் சுவத்துக்குள்ள எம்பங்கு எதுவரைக்கும், அதை எங்கயும் காணுமே?"

மூணடி தூரத் தபால்

வேலையை ஒப்புக்கொண்ட பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிந்தது. அண்ணன் ரங்கசாமியும் தம்பி சீனிவாசனும் வருஷக்கணக்காகப் பேசிக்கொள்வதில்லை. ரங்கசாமி வடக்கே எல்லையில் இருந்தபோது அவர்களுடைய அப்பா இறந்துபோனார். அவர் ரயில் மாறி ரயில் மாறி வந்து சேர்வதற்குள் எரித்துவிட்டார்கள். அடைமழை, வைத்திருக்க முடியவில்லை, ஊர்ப் பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள் என்பது சீனிவாசன் தரப்பு. "அப்பா மொகத்தை எனக்குக் காட்டாம எரிச்சிட்டான்" என்பது ரங்கசாமி தரப்பு. இதை எனக்குச் சொன்னவர் கோதை. இரண்டு தரப்பு வாக்குமூலத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தீர்ப்பைச் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

இதனால் எனக்குக் கிடைத்த கூடுதல் வேலை தபால்காரர் வேலை. ரங்கசாமி தம்பிக்கு மூணடி தூரத்தில் நின்றுகொண்டு, "எஞ்சினியரம்மா, செப்டிக் டேங்க் எஞ்ஜன்னல் பக்கம் வரக்கூடாதுன்னு அவங்கிட்ட சொல்லிருங்க" என்பார். நான் தலையைத் திருப்பிச் சொல்வேன். சீனிவாசன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது எம்புட்டோ தூரம் தள்ளித்தான் வருதுன்னு அவியகிட்ட சொல்லிருங்க" என்பார். நான் தலையை இந்தப் பக்கம் திருப்பிச் சொல்வேன். டென்னிஸ் பார்க்கிறவர்களுக்கு இருக்கும் கழுத்து வலி எனக்குச் செப்டிக் டேங்கால் வந்தது.

ஒருநாள் தொண்டை கட்டி எனக்குக் குரலே இல்லை. ரங்கசாமி வழக்கம்போல ஒரு சேதியை என்னிடம் ஒப்படைத்தார். நான் சும்மா நின்றேன். மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தோம். தம்பி காதில் எல்லாம் விழுந்துவிட்டதே, பதில் சொல்லட்டுமே என்று நான் கையை ஆட்டிக் காட்டினேன். ரங்கசாமி அதற்கு மசியவில்லை.

"கேட்டிருப்பான் மேடம். ஆனா நீங்க இன்னும் சொல்லலியே."

மாடுகளின் மாளிகை

முன் கூடமும் அதை ஒட்டிய இரண்டு அறைகளும் ரங்கசாமிக்கு. சமையலறைப் பக்கமும் மச்சும், தோப்பில் வேலை இருக்கிறது என்பதால் சீனிவாசனுக்கு. தானிய அறையும் மாட்டுத் தொழுவமும் கோதைக்கு. இப்படிப் பிளானைப் போட்டு மேஜையில் விரித்தேன். கோதை கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பங்கைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எத்தனை பேர் அந்தப் பார்வைக்குப் பயந்து செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொண்டார்களோ.

"தொழுவத்தை எனக்குன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா. நானா போட்டேன்."

"பெரியண்ணன் வந்து உங்களைத் தனியாப் பாத்தாரா?"

"இல்லக்கா."

"சின்னண்ணன் பொஞ்சாதி மாம்பழம் குடுத்து விட்டாளா?"

மாம்பழம் கொடுத்து விட்டிருந்தார். ஆனால் மூன்று பேரிடமிருந்தும் வந்திருந்தது, கோதை கொடுத்ததும் சேர்த்து. அதைச் சொன்னேன். விசாரணை அதோடு தள்ளிவைக்கப்பட்டது.

உண்மையில் அந்த வீட்டிலேயே நல்ல இடம் தொழுவம்தான். வரிசையாக ஒற்றைக்கல் தூண்கள், உயரமான கூரை, ஒரு பக்கம் முழுக்கத் திறப்பு. மலைக் காற்று நேராக உள்ளே வரும். இதைச் சொன்னால் நம்புகிற கூட்டமா? மாடுகளை ஒவ்வொன்றாகப் புதுக் கொட்டகைக்கு மாற்றச் சொன்னேன். சாணியைச் சுரண்டி, தூண்களைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினோம். தரையைத் தோண்டினால் அடியில் அழகான கல் தளம். ஒரு சாயங்காலம் மூன்று பேரையும் அங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். எதிரே மலை முழுசாகத் தெரிந்தது. காற்று வந்தது. கோதை சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். ரங்கசாமி ஒரு தூணைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது.

"இம்புட்டு நல்ல எடத்துல, இத்தனை வருசமா மாட்டை எதுக்குக் கட்டிவச்சோம்?"

கிணற்றடி ஆபீஸ்

ரங்கசாமியின் மருமகள் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். நல்ல பிள்ளை. மாமனார் பங்கு தயாராகிறது என்றதும், ஒரு வாரம் இங்கிருந்தே ஆபீஸ் வேலையைப் பார்க்கலாம் என்று மடிக்கணினியோடு வந்து இறங்கினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செத்த நேரத்தில் வெளியே வந்துவிட்டார். அந்தச் சுவரைத் தாண்டி எந்த சிக்னலும் உள்ளே போகாது. போனில் கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசியில் போன் வெறும் கடிகாரமாகிவிட்டது. "இதை முன்னாடியே யோசிக்கலையா மேடம்?" என்று என்னிடம் கேட்டார். தாத்தா காலத்துச் சுவரில் வைஃபை வராததற்கும் நான்தான் பொறுப்பு என்பதைக் குறித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் மடிக்கணினியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தோப்பைச் சுற்றி வந்தார். கிணற்றடியில் மட்டும் சிக்னல் கிடைத்தது. அங்கேயே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங்கில் பேச ஆரம்பித்தார். சீனிவாசனின் மனைவி விஜயா தண்ணீர் எடுக்க வந்து, ஒரு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். மடிக்கணினிக்குள் ஒருவர் விடாமல் உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். புதுக் கொட்டகையில் புது இடம் பிடிக்காத பசு ஒன்று அதற்குப் போட்டியாகக் கத்தியது. "பின்னால என்ன சத்தம்?" என்று உள்ளே இருந்தவர் ஆங்கிலத்தில் கேட்க, அந்தப் பெண் சங்கடமாக விஜயாவைத் திரும்பிப் பார்த்தார். விஜயா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"மாடு கன்னைத் தேடிக் கத்துதும்மா. உங்க மேனேசர் எதைத் தேடி இத்தனை நேரமாக் கத்துதாரு?"

யானை பார்த்த பிளான்

வீட்டைப் பிரித்தாகிவிட்டது, பின்கட்டு மட்டும் பொதுவாகக் கிடக்கிறதே என்று மூன்று பேருக்கும் ஒரே கவலை. ஹாலோபிளாக் கல்லில் தலையுயரத்துக்குச் சுவர் வைத்து, பின்கட்டையும் பிரிக்கச் சொன்னார்கள். "இந்தப் பக்கம் யானை வருமே" என்று கேட்டேன். "அது அந்தக் காலம். இப்பல்லாம் மின்வேலி, வெடின்னு போட்டு மேல வெரட்டியாச்சு" என்றார் சீனிவாசன். கொத்தனார் தங்கராசு சுவரைக் கட்டினார். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நேராக இருக்கும் என்று சொல்லக்கூடிய அளவுக்கு இருந்தது. இந்தத் தங்கராசுவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு காலை போன் வந்தது. போய்ப் பார்த்தால், சுவரின் நடுவில் யானை அகலத்துக்கு ஒரு வழி. அவசரம் ஒன்றும் இல்லை, அலட்டல் இல்லை, நடந்து போயிருக்கிறது. அந்தப் பக்கம் இரண்டு தென்னங்கன்றுகள் குருத்தோடு போய்விட்டன. பழைய கல்வீட்டின் மேல் ஒரு உரசல்கூட இல்லை. அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. சகோதரர்கள் இருவரும் என்னைப் பார்த்த பார்வையில், யானைக்கு நான்தான் விலாசம் கொடுத்தேன் என்று இருந்தது. வனத்துறைக் காவலர் ஒருவர் வந்து கால்தடத்தைப் பார்த்தார், உடைந்த கல்லைப் பார்த்தார், கடைசியில் என் கையில் சுருட்டி வைத்திருந்த பிளானைப் பார்த்தார்.

"அது யானையோட அப்பன் பாட்டன் நடந்த வழி மேடம். கட்டுறதுக்கு மின்ன அவியகிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கியிருக்கலாம்லா?"

உத்திரம்

இப்போது தங்கராசு. தானிய அறையிலிருந்து தொழுவத்துக்குப் போக ஒரு வாசல் திறக்க வேண்டும். இரண்டும் கோதையின் பங்கு, ஆனால் நடுவில் அந்த மகா சுவர். அதற்கு நேர் மேலேதான் மச்சின் உத்திரம் ஒன்றின் முனை உட்கார்ந்திருக்கிறது. கீழே கல்லை எடுப்பதற்கு முன்னால் உத்திரத்துக்கு ஜாக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். இதை நான் தங்கராசுவிடம் சொன்னேன். சுவரில் கரியால் எழுதியும் போட்டேன். ராஜபாளையத்திலிருந்து ஜாக்கியை நானே ஏற்றிக்கொண்டு வருகிறேன், அதுவரைக்கும் ஒரு கல்லைத் தொடாதீர்கள் என்றேன். "சரி மேடம், சரி மேடம், நான் பாக்காத சுவரா" என்றார் தங்கராசு. இந்த மூன்று சொற்றொடரையும் ஒரே மூச்சில் ஒரு கொத்தனார் சொன்னால், அன்று வேறு எந்த வேலைக்கும் போகாமல் அங்கேயே காவல் நிற்க வேண்டும் என்பது எனக்கு இப்போது தெரியும்.

நான் லோடு ஆட்டோவில் ஜாக்கிகளோடு வந்து இறங்கும்போது தங்கராசு பாதிச் சுவரைப் பிரித்திருந்தார். கல் ஒவ்வொன்றாக லேசாகக் கழன்று வந்ததில் உற்சாகமாகி, "மேடம் வரதுக்குள்ள முடிச்சிருவோம்" என்று கிளம்பிவிட்டாராம். ரங்கசாமி வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சீனிவாசன் உள்ளே, அந்தச் சுவரை ஒட்டி, புதுக் கொட்டகை பிடிக்காததால் மறுபடி தொழுவத்திலேயே கட்டியிருந்த கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலைத் தாண்டவில்லை. மேலே "டக்" என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. யாரோ விரலைச் சொடுக்கிய மாதிரி. அப்புறம் சுண்ணாம்புப் பொடி கொட்ட ஆரம்பித்தது. ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்னைத் தள்ளிக்கொண்டு ரங்கசாமி உள்ளே ஓடினார். பேப்பர் இன்னும் கையில் இருந்தது. "ஏலே சீனி! வெளிய வாலே! வாலே!" தம்பி கயிற்று முடிச்சைப் பிடித்துக்கொண்டு திகைத்துப் போய் நின்றார். இத்தனை வருஷம் கழித்து அண்ணன் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில் திகைத்தாரா, மேலே பார்த்துத் திகைத்தாரா என்பது எனக்குத் தெரியாது. ரங்கசாமி அவர் தோளைப் பிடித்து இழுக்க, தம்பி கன்றின் கயிற்றை விடாமல் இழுக்க, மூன்று பேரும் ஒன்றாக வெளியே வந்து மண்ணில் விழுந்தார்கள். பின்னாலேயே ஒரு கல் பெயர்ந்து, சீனிவாசன் நின்ற இடத்தில் விழுந்தது. உத்திரத்தின் முனை ஒரு சாண் இறங்கி, பிரிக்காமல் விட்ட பாதிச் சுவரின் மேல் உட்கார்ந்து நின்றுகொண்டது.

அதற்கப்புறம்தான் நான் உள்ளே ஓடினேன். ஜாக்கிகளை முட்டுக் கொடுத்தோம், உத்திரத்தை அசையாமல் பிடித்தோம், ஆட்களையெல்லாம் வெளியேற்றினேன். தங்கராசு நெற்றியைத் துடைத்துக்கொண்டு "கல்லுல ஏதோ கோளாறு மேடம்" என்றார். அவரிடம் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. திரும்பிப் பார்த்தால், அண்ணனும் தம்பியும் தென்னை மரத்தடியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சீனிவாசனின் தலையெல்லாம் வெள்ளைப் பொடி. ரங்கசாமி தன் துண்டால் அதைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார். பொடி எல்லாம் போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். நான் தண்ணீர் கொண்டு போனேன். அவர் வாங்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தம்பியிடம் நேராகச் சொன்னார்:

"ஏலே, அப்பாவைத்தான் பாக்கலை. உன்னையும் பாக்காமப் போயிருப்பேனேலே."

தாழ்ப்பாள்

அண்ணன் தம்பி பேச ஆரம்பித்தால் எஞ்சினியருக்கு நிம்மதி என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். முன்பு ஒரு சேதி என் வழியாகப் போய்வர நேரம் ஆகும், அதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். இப்போது நேருக்கு நேர் சுடச்சுடப் பேசினார்கள். காலையில் இருவரும் சேர்ந்து ஒரு முடிவெடுத்து எனக்குப் போன் போடுவார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் சேர்ந்தே மாற்றியிருப்பார்கள்.

அப்படி எடுத்த முடிவுகளில் ஒன்று, இரண்டு பேர் பங்குக்கும் நடுவில் புதிதாகக் கட்டிய செங்கல் சுவரில் ஒரு கதவு. பூச்சு முடிந்து, வெள்ளையடித்து, காய்ந்திருந்த சுவர். "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன். "அன்னைக்கு நாங்க பேசலியே மேடம்" என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில். சுவரை உடைத்துக் கதவு வைத்தோம். அடுத்து, தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? தம் பக்கம்தான் இருக்க வேண்டும் என்றார் ரங்கசாமி. பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாதாம். தம் பக்கம் இருக்கட்டும் என்றார் சீனிவாசன். வீட்டில் பெண்பிள்ளை புழங்குகிற இடமாம். தச்சர் தாழ்ப்பாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் மாறி மாறி நடந்தார். கடைசியில் இன்னொரு தாழ்ப்பாள் வாங்கி வரச் சொல்லி, இரண்டு பக்கமும் அடித்துவிட்டேன். சத்தம் கேட்டு வந்த கோதை கதவை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"நான் பாத்த லாக்கப்புல கூட ஒரு பக்கந்தான் தாழ்ப்பா உண்டு. நீங்க ரெண்டு பேருமே கைதியா, ரெண்டு பேருமே போலீசா?"

மூணு சமையலறை

இந்த வேலையில் நான் நிஜமாகவே பெருமைப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. ஒரே சமையலறை இருந்த வீட்டில் மூன்று சமையலறை கொண்டுவந்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித் தண்ணீர்க் குழாய், தனிப் புகைபோக்கி. கோதைக்குத் தொழுவத்தின் கடைசித் தூண்களுக்கு நடுவில், மலையைப் பார்த்துக்கொண்டே சமைக்கிற மாதிரி. ரங்கசாமிக்கு, முழங்கால் வலிக்காமல் எல்லாம் கை எட்டும் உயரத்தில். பால் காய்ச்சும் நாளில் மூன்று வீட்டிலும் ஒரே நல்ல நேரத்தில் பால் பொங்க வேண்டும் என்று, ஐயர் ஒரு வீட்டில் மந்திரத்தை ஆரம்பித்து அடுத்த வீட்டில் தொடர்ந்து மூன்றாவது வீட்டில் மூச்சு வாங்கினார். எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள். தங்கராசுவுக்கும் வேட்டி துண்டு கொடுத்தார்கள். நான் தடுக்கவில்லை.

கொஞ்ச மாதங்கள் கழித்து, ரங்கசாமியின் சமையலறையில் குழாய் கசிகிறது என்று கூப்பிட்டார்கள். போனேன். அடுப்பின் மேல் கம்பெனிக்காரன் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. மேடை மேல் செய்தித்தாள் அடுக்கியிருந்தது. கசிகிற குழாய், திறக்காமலே விட்டதால் இறுகிப் போய்க் கசிந்த குழாய். "சார், நீங்க சாப்பாடு?" என்றேன். நடுக் கதவைக் கைகாட்டினார். அந்தக் கதவின் இரண்டு தாழ்ப்பாளும் ஒரு நாளும் போட்ட மாதிரித் தெரியவில்லை. கோதையின் சமையலறையை எட்டிப் பார்த்தேன். மலையைப் பார்த்துக்கொண்டு துணி காய்ந்தது. கோதை அங்கே இல்லை.

எல்லோரும் சீனிவாசன் வீட்டில் இருந்தார்கள். கோதை தரையில் உட்கார்ந்து இரண்டாவது தோசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். சீனிவாசன் அண்ணனுக்குச் சட்னி போதவில்லை என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ரங்கசாமியும் வந்து உட்கார்ந்து, "மேடத்துக்கும் ஒரு இலை போடு விஜயா" என்றார். மூன்று பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவைப் பற்றி ஏதோ பழைய கதை. கல்சுவருக்குள் குளுகுளுவென்று இருந்தது, எனக்குக்கூட மனசு நிறைந்த மாதிரி இருந்தது. வேலைக்கு இது போதும், இனி யார் என்ன திட்டினாலும் போதும் என்று நினைத்துக்கொண்டு, கை கழுவ அடுப்படிக்குப் போனேன்.

அங்கே மட்டும் குளுகுளு இல்லை. கல்லில் தோசை, பக்கத்தில் சாம்பார், இன்னொரு அடுப்பில் கோதைக்குச் சர்க்கரை இல்லாத காப்பி, ரங்கசாமிக்குச் சர்க்கரை போட்ட காப்பி. விஜயா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். கூடத்தில் கேட்ட சிரிப்புச் சத்தத்தைச் செத்த நேரம் கவனித்தார். பிறகு தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"அவியளை மட்டும் மூணு வீடாப் பிரிச்சுவிட்டீய. அவிய வயித்தையும் மூணாப் பிரிச்சுவிட்டிருக்கப்படாதா எஞ்சினியரம்மா?"

ஆக, தாத்தா கட்டிய மலையை மூணு வீடாக்கியாயிற்று, அண்ணன் தம்பியும் ஒன்று சேர்ந்தாயிற்று, அடுப்படியின் பட்டா மட்டும் இன்னும் ஒரே பேரில்தான் இருக்கிறது.